திருகோணமலையும் பிரித்தானிய – பிரான்சியக் கடற்படைப் போட்டியும்

க.பொ.த. (சா/த) வரலாறு

"பிரித்தானியர் திருகோணமலை மீது அக்கறை கொண்டமைக்கான காரணங்களை விளக்குக" என்று கேட்டால், "அது ஓர் இயற்கைத் துறைமுகம்" என எழுதிவிட்டுப் பலர் அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றனர். அது பிழையன்று. ஆனால் வினா கேட்பது விளக்கத்தை. இயற்கைத் துறைமுகம் எப்போதும் அங்கேதான் இருந்தது; 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதற்கு ஏன் திடீரென இவ்வளவு கிராக்கி ஏற்பட்டது?

ஏழாண்டுப் போரில் (1756 – 1763) தோல்வியுற்ற பிரான்ஸ், தனது கடற்படையை மீளக் கட்டியெழுப்பத் தொடங்கியது. பிரித்தானியாவும் சும்மா இருக்கவில்லை. 74 பீரங்கிகள் கொண்ட பெரும் போர்க்கப்பல்களை இரு நாடுகளும் போட்டியிட்டுக் கட்டின. பிரித்தானியர் கப்பல்களின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு பொருத்தினர். மரத்தைத் துளைக்கும் புழுக்களும் கப்பலில் ஒட்டும் சிப்பிகளும் இதனால் குறைந்தன, வேகமும் கூடியது. நீண்ட நாள் தண்ணீரில் கிடந்த தோணியின் அடியைச் சுரண்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆயினும் எத்தனை கப்பல்கள் இருந்தாலும் அவை ஒதுங்க ஓரிடம் வேண்டும். சென்னையிலோ பாண்டிச்சேரியிலோ அக்காலத்தில் பாதுகாப்பான துறைமுகம் இருக்கவில்லை. ஒக்ரோபரில் வாடைக்காற்றுத் தொடங்க, பிரித்தானியக் கப்பற்படை பம்பாய்க்குச் செல்ல நேர்ந்தது. அது திரும்பிவரும் வரை சோழமண்டலக் கரை காவலின்றிக் கிடந்தது. பிரான்சியருக்கோ தொலைவிலுள்ள மொரீசியஸ் தீவே தளம். இரு சாராரினதும் கண்கள் ஒல்லாந்தர் வசமிருந்த திருகோணமலையில் விழுந்தமைக்குக் காரணம் இதுவே. இப்பந்தியை நன்கு மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

1780 டிசெம்பரில் பிரித்தானியா ஒல்லாந்து மீது போர் தொடுத்தது. 1782 ஜனவரி 11இல் எட்வேட் ஹியூஸ் தலைமையிலான பிரித்தானியர் திருகோணமலையைக் கைப்பற்றினர். அதே ஆண்டு ஏப்ரல் 12இல் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஹியூசும் பிரான்சியத் தளபதி சப்ரனும் மோதினர். இருவரது கப்பல்களும் பலத்த சேதமடைந்தன. ஹியூஸ் திருகோணமலைக்குள் சென்று திருத்த வேலை செய்தார். சப்ரன் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? நமது மட்டக்களப்பு.

இங்கு ஒல்லாந்தரின் கோட்டை இருந்தது. அவர்கள் பிரான்சியரின் நண்பர்கள். ஆனால் அப்பெரிய கப்பல்கள் முகத்துவாரத்து மணற்றிட்டைத் தாண்டி வாவிக்குள் வர முடியாது. திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. நோயுற்ற மாலுமிகள் கரையிறக்கப்பட்டனர். ஜூன் தொடக்கம் வரை சப்ரன் இங்கு தங்கினார். கச்சான் காலமாதலால் அது முடிந்தது, வாடையில் முடிந்திராது. அமிர்தகழியில் இருந்து பாலமீன்மடுப் பக்கம் போய்க் கடலைப் பார்ப்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஓகஸ்டில் சப்ரன் மீண்டும் மட்டக்களப்புக்கு வந்தார். புதிதாக இரண்டு போர்க்கப்பல்களும் துருப்புகளும் வந்து சேர்ந்ததும் வடக்கே விரைந்தார். ஓகஸ்ட் 31இல் திருகோணமலை அவர் வசமானது. ஹியூஸ் வந்து சேர்ந்தது செப்ரெம்பர் 2இல்! மறுநாள் துறைமுகத்துக்கு வெளியே நடந்த சமரிலும் அதை அவரால் மீட்க முடியவில்லை.

இதற்கிடையில் கப்பல்களின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனது. 1782 பெப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் நடந்த சமரில் ஹியூசிடம் 9 பெரும் போர்க்கப்பல்கள். 1783 ஜூனில் கடலூருக்கு அப்பால் 18. சப்ரனிடம் அங்கு 15. ஐந்து சமர்கள் நடந்தும் ஒருவரால் மற்றவரை அழிக்க முடியவில்லை.

1784 உடன்படிக்கையின்படி திருகோணமலை ஒல்லாந்தருக்கே திரும்பியது. நாகப்பட்டினத்தைப் பிரித்தானியர் வைத்துக்கொண்டனர். 1795இல் பிரான்சியப் படை ஒல்லாந்தைக் கைப்பற்றியதும் பிரித்தானியர் இம்முறை தாமதிக்கவில்லை. ஓகஸ்டில் திருகோணமலையும் செப்ரெம்பரில் மட்டக்களப்பும், 1796 பெப்ரவரியில் கொழும்பும் வீழ்ந்தன. 1782ஐயும் 1795ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: முதலாவதில் இழந்தனர், இரண்டாவதில் நிலைத்தனர்.

பயிற்சி
1. பருவக்காற்றுக்கும் திருகோணமலையின் முக்கியத்துவத்துக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
2. 1782 ஏப்ரல் சமரின் பின் ஹியூசும் சப்ரனும் ஒதுங்கிய இடங்களை ஒப்பிடுக. யாருக்கு வாய்ப்பு அதிகம் எனக் கருதுகிறீர்? காரணம் தருக.