ஓநாய் நோயும் வன்னி வெயிலும்

இலத்தீன் மொழியில் 'லூப்பஸ்' என்பது ஓநாயைக் குறிக்கும். ஓநாய் கடித்தாற்போல முகத்தைப் புண்படுத்தலின் இந்நோய் அப்பெயர் பெற்றது. பெரும்பாலும் பிள்ளைபெறும் பருவத்துப் பெண்களையே இது பற்றும். கன்னங்களிலும் மூக்கின்மேலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போலச் செம்மை படரும். வட்டமாகத் தடித்துத் தழும்பாகும் வகை தலையிற் தோன்றின், அவ்விடத்து மயிர் மீண்டும் முளையாது. நம் கறுத்த மேனியிற் செம்மை எளிதிற் புலப்படாமையின், தேமல் என்றும் குட்டம் என்றும் மயங்குவாருளர். குட்டம் என்ற சொல்லொன்றே ஒரு பெண்ணின் கலியாணத்தை நிறுத்தப் போதுமன்றோ?

உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்குதலால் விளைவது இந்நோய். தோலைக் கடந்து உள்ளுறுப்புகளையும் இது பற்றுமென 1872இல் வியன்னா மருத்துவர் கப்போசி எடுத்துரைத்தார். மூட்டுவலி, குருதிக்குறைவு, நுரையீரல் உறையின் அழற்சி என்பன வரும். எல்லாவற்றினும் கொடியது சிறுநீரகக் கேடு. அது வலியின்றி வரும். காரணம் துணியப்படாத சிறுநீரக நோய் வவுனியாவிலும் உண்டாதலின், கால்வீக்கமுற்ற பெண்ணைக் கண்டதும் கிணற்றுநீரையே குறைசொல்வோம். அவள் முகத்தையும் ஒருமுறை பார்த்தல் நன்று.

வெயில் இந்நோயைக் கிளறும். வயலிற் களைபறிக்கும் பெண் உச்சிவெயிலைத் தவிர்த்தல் எளிதன்று. நீண்ட சட்டைக்கையும் தலைச்சீலையும் ஓரளவு உதவும்.

மருந்தோ வன்னிக்குப் பழைய உறவு. 1894இல் இலண்டன் மருத்துவர் பெயின் இதற்குக் கொயினாவைக் கொடுத்தார். இன்று முதன்மையாக வழங்கும் ஐதரொட்சிக்குளோரோக்குயினும் மலேரியா மருந்தே. 2016இல் இலங்கை மலேரியா நீங்கிய நாடெனச் சான்று பெற்றது. அம்மருந்தின் தேவை நீங்கவில்லை. கருவுற்றாரும் அதனைத் தாமாக நிறுத்தலாகாது. நெடுங்காலம் உட்கொள்வோர் கண்களைச் சோதிப்பித்தல் வேண்டும்.