பாலின் தரம் சொல்லும் புரதங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பசும்பாலில் நூற்றுக்கு 3.2 முதல் 3.5 பங்கு புரதம். அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். மீதி, பால் திரியும்போது தெளிநீரோடு பிரிந்துபோகும் புரதங்கள். மடியில் நோய் இருந்ததா, கறந்தபின் பால் எவ்வளவு நேரம் கிடந்தது, எவ்வளவு சூடு கண்டது, எது கலந்தது என்பதற்கெல்லாம் இவற்றில் தடயம் இருக்கும். ராஜா அண்ணாமலைபுரத்து வீடுகளில் ஆவின் பாக்கெட்டும் வாங்குகிறார்கள், பண்ணைப் பாலும் வாங்குகிறார்கள். இரண்டைப் பற்றியும் உலவும் நம்பிக்கைகள் இந்தத் தடயங்களைக் கணக்கில் கொள்வதில்லை.

நம்பிக்கை: கள்ளிச்சொட்டாக இருந்து கனத்த ஆடை படிந்தால் நல்ல பால்.

உண்மை: ஆடையின் கனம் பெரிதும் கொழுப்பைப் பொறுத்தது. ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. கொழுப்பல்லாத திடச்சத்து முதல் இரண்டிலும் 8.5; அதில் பாதிக்கு மேல் பால் சர்க்கரை. கூட்டுறவுச் சங்கங்கள் விலை வைப்பதும் கொழுப்பையும் திடச்சத்தையும் பார்த்துத்தான். மடியின் நலம் அந்த எண்களில் தெரியாது. லாக்டோமீட்டர் காட்டுவது அடர்த்தியை மட்டுமே; தண்ணீர் ஊற்றிய பாலில் சர்க்கரையோ யூரியாவோ போட்டால் அது ஏமாந்துவிடும்.

நம்பிக்கை: புரத அளவு சரியாக இருந்தால் கலப்படம் இல்லை.

உண்மை: டென்மார்க் வேதியியலாளர் யோகான் கெல்டால் 1883-இல் வகுத்த முறை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, பாலென்றால் 6.38-ஆல் பெருக்கிப் புரதக் கணக்குச் சொல்கிறது. நைட்ரஜன் எதிலிருந்து வந்தாலும் கணக்கில் ஏறிவிடும். 2008-இல் சீனாவில் தண்ணீர் சேர்த்த பாலில் மெலமைன் கலந்தது இதை நம்பித்தான்; மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஆறு குழந்தைகள் இறந்தன; ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. புரதமல்லாத நைட்ரஜனைக் கழித்து ‘உண்மைப் புரதம்’ பார்ப்பதே இதற்கு மாற்று. யூரியா பாலில் இயற்கையாகவும் சிறிது உண்டு. இந்திய விதிகள் 700 பிபிஎம் வரை அனுமதிக்கின்றன.

நம்பிக்கை: கண்ணெதிரே கறந்த பாலுக்குச் சோதனை வேண்டாம்.

உண்மை: மடிநோய் வெளியே தெரியாமலும் இருக்கும்; அப்போதும் பால் வெள்ளையாகவே இறங்கும். ஆனால் ரத்தத்திலுள்ள ஆல்புமினும் இம்யூனோகுளோபுலினும் மடிக்குள் கசிந்து பாலில் சேரும். லாக்டோஃபெரின், ஹாப்டோகுளோபின் ஆகியவை கூடும். பிளாஸ்மின் என்ற நொதி பீட்டா கேசீனை அறுத்துத் துண்டாக்கும். மொத்தப் புரதம் அதிகம் மாறாமலேயே அதில் கேசீனின் பங்கு குறைந்துவிடும். இத்தகைய பாலில் தயிர் இறுகாது, பன்னீரும் குறைவாகவே தேறும்.

நம்பிக்கை: காய்ச்சும்போது திரியாவிட்டால் பால் புதியது.

உண்மை: பழைய பால் அடுப்பில் திரிவது பெரும்பாலும் புளிப்பேறியதால். குளிர்நிலையிலும் வளரும் சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் அவ்வளவாகப் புளிப்பேற்றாமலே, புரதத்தை அறுக்கும் நொதியைச் சுரக்கும். பாஸ்டரைசேஷனில் பாக்டீரியா சாகும், நொதி பிழைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் வைக்கும் அட்டைப்பெட்டிப் பால் கசப்பதற்கும் கூழாவதற்கும் இது ஒரு காரணம். கப்பா கேசீனிலிருந்து அறுபட்ட துண்டு இதற்குத் தடயம். பாலாடைக்கட்டித் தொழிற்சாலையின் தெளிநீரைப் பாலில் கலந்தாலும் ஏறக்குறைய அதே துண்டு தென்படும் என்பதால், ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டுவதில்லை.

நம்பிக்கை: பாக்கெட் பாலில் புரதம் செத்துவிடுகிறது.

உண்மை: பாக்கெட் பாலைப் பாஸ்டரைசேஷன் செய்யும் 72 டிகிரி செல்சியஸ், 15 விநாடி சூட்டில் கேசீன் பெரிதாக மாறுவதில்லை, தெளிநீர்ப் புரதங்களிலும் சிறு பங்கே உருக்குலையும். அந்தச் சூட்டில் அழிவது அல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி. காசநோய்க் கிருமியைவிடச் சற்றே கூடுதல் சூடு தாங்குவதால், இது அழிந்திருந்தால் அக்கிருமியும் அழிந்தது என்று கொள்ளலாம். லாக்டோபெராக்சிடேஸ் நொதியோ 80 டிகிரியை ஒட்டித்தான் அழியும். முதல் நொதி இல்லாமல் இரண்டாவது மட்டும் இருந்தால் சூடு சரி. இரண்டும் இருந்தால் பச்சைப்பால், அல்லது பச்சைப்பால் கலந்தது. இரண்டும் இல்லாவிட்டால் அளவுக்கு மீறிய சூடு.

நம்பிக்கை: ‘ஏ2’ என்று எழுதியிருந்தால் தரமான பால்.

உண்மை: பீட்டா கேசீன் சங்கிலியின் 67-ஆம் இடத்தில் புரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. இது மாட்டின் மரபுக்கூறு. நாட்டு மாடுகளிலும் எருமைகளிலும் பெரும்பாலும் ஏ2தான். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2024 ஆகஸ்ட் 21-இல் இந்த அடையாளத்தை உறைகளிலிருந்து நீக்கச் சொல்லி, 26-ஆம் தேதி அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. உறையில் அந்த எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், மடிநோய் கண்ட காங்கேயம் பசுவின் பாலும் ஏ2வாக இருக்கலாம். தண்ணீர் கலந்த பிறகும் அது ஏ2தான்.