வயல்வாரிக் கணக்கும் கணினித் தரவுத்தளமும்

அறுவடை முடிந்ததும் மொத்த வரவையும் செலவையும் கூட்டிக் கழித்து, "இந்தப் பட்டம் பரவாயில்லை" என்று கணக்கை மூடிவிடுகிறோம். எந்த வயல் இலாபம் தந்தது, எந்த வயல் அதை விழுங்கியது என்பது இதில் தெரியாது. வங்கிகளும் பெரிய ஆலைகளும் இக்கேள்விக்கு விடை காணக் கையாளும் முறையே தரவுத்தளம் ஆகும். 1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் கணித அறிஞர் இதற்கான அடிப்படையை வெளியிட்டார். செய்திகளைத் தனித்தனிப் பட்டியல்களாக எழுதி, பொதுவான ஓர் எண்ணால் இணைப்பதே அதன் சாரம். இதை நீங்களும் கடைப்பிடிக்கலாம்.

மூன்று பட்டியல்கள்

1. நிலப் பட்டியல்: வயல் எண், சர்வே எண், பரப்பு, மண் வகை, பாசன வசதி.

2. செலவுப் பட்டியல்: தேதி, வயல் எண், பட்டம், வேலை, தொகை.

3. வரவுப் பட்டியல்: தேதி, வயல் எண், பட்டம், விளைபொருள், எடை, தொகை.

வயல் எண்ணே மூன்றையும் இணைக்கும் திறவுகோல். ஒரு வயலுக்குக் கொடுத்த எண்ணை மாற்றக்கூடாது. வேறு வயலுக்கும் கொடுக்கக்கூடாது. பரப்பை நிலப் பட்டியலில் மட்டும் ஒருமுறை எழுதினால் போதும்.

கவனிக்க வேண்டியவை

ஒரே வேலையை ஒருநாள் "களை" என்றும், மறுநாள் "களைக்கூலி" என்றும் எழுதினால் கணினி அவற்றை இரு வேறு செலவுகளாகவே கொள்ளும். எனவே ஒரு வேலைக்கு ஒரே சொல்லை வழங்குங்கள். மூட்டையின் எடை இடத்துக்கு இடம் மாறுவதால் விளைச்சலைக் கிலோவிலோ குவிண்டாலிலோ குறியுங்கள். வீட்டார் உழைப்புக்கும் கூலி மதிப்பிட்டு எழுதுங்கள். செலவு செய்த அன்றே பதிவு செய்வது நலம்.

ஓர் எடுத்துக்காட்டு

முதல் வயல் 1 ஏக்கர், செலவு ரூ.32,000, நெல் 25 குவிண்டால். இரண்டாம் வயல் 60 சென்ட், செலவு ரூ.21,600, நெல் 12 குவிண்டால். குவிண்டால் ரூ.2,300-க்கு விற்றதாகக் கொள்வோம். மொத்த இலாபம் ரூ.31,500. பார்வைக்கு நன்றாகவே உள்ளது. வயல்வாரியாகப் பிரித்தால், முதல் வயலில் ஏக்கருக்கு ரூ.25,500 கிடைக்கிறது, இரண்டாம் வயலில் கிடைத்த ரூ.6,000, ஏக்கர் கணக்கில் ரூ.10,000 மட்டுமே!

ஏன் இந்த வேறுபாடு? செலவுப் பட்டியலை வேலைவாரியாகப் பிரியுங்கள். களையெடுப்புக்கு முதல் வயலில் ரூ.4,000, இரண்டாம் வயலில் ரூ.6,000 என்று இருந்தால், பின்னதில் ஏக்கருக்கு ரூ.10,000 ஆகியுள்ளது. களைத் தொல்லை செலவைக் கூட்டியதோடு விளைச்சலையும் குறைத்திருக்கலாம். அடுத்த பட்டத்தில் நிலத்தை நன்கு சமன் செய்து, தண்ணீர் கட்டி, உரிய காலத்தில் களையைக் கட்டுப்படுத்த வேண்டிய வயல் எது என்பது இப்போது தெளிவாகிறது.

நோட்டுப் புத்தகத்திலேயே இதைத் தொடங்கலாம். கணினி இருந்தால் எக்செல் போன்ற மென்பொருளில் உள்ள பிவட் டேபிள் வசதி, வயல்வாரியாகவும் வேலைவாரியாகவும் நொடியில் கூட்டித் தரும். பதிவின் நகல் ஒன்றை வேறிடத்திலும் வைத்திருங்கள்.

ஒரு பட்டத்துக் கணக்கை மட்டும் கொண்டு முடிவு கட்ட வேண்டாம். மழையும் விலையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மூன்று, நான்கு பட்டங்கள் தொடர்ந்து எழுதிவந்தால், எந்த வயலில் எதைத் திருத்துவது என்பதை உங்கள் கணக்கே எடுத்துச் சொல்லும்.