மோட்டார் ஸைக்கிளின் பின்பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுதலும் அதை நீக்கும் முறையும்

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பால் கேனும், உர மூட்டையும், மணிலா விதையும் முற்காலத்தில் மாட்டுவண்டியிற் சென்றன. இக்காலத்தில் அவற்றுட் பல மோட்டார் ஸைக்கிளின்மீது செல்லுகின்றன. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை அடுத்த பகுதியில் புல்லட் வண்டிகள் பலவற்றைக் காணலாம். 1955-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற என்பீல்டு இந்தியா கம்பெனியார், தங்கள் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் நெடுங்காலம் செய்துவந்த வண்டி அது. அதன் பழைய வகைகளிலும், அதனையொத்த பிற வண்டிகளிலும் உள்ள டிரம் பிரேக்கைப் பற்றியதே இப்பாடம். டிஸ்க் பிரேக்கிற்கு முறை வேறு.

குற்றத்தின் அறிகுறிகள்

மிதியை விட்ட பின்னும் பிரேக் முழுதும் விடாமல் சக்கரத்தைப் பற்றி நிற்பதே இக்குற்றம். வண்டி மை இடாத அச்சோடு பாரவண்டியை இழுக்கும் மாடு எவ்வாறு இளைக்குமோ, அவ்வாறே எஞ்சினும் வீணாக உழைக்கும். பெட்ரோல் மிகுதியாகச் செலவாகும். பிரேக்கை அதிகம் உபயோகியாமல் சில மைல் ஓட்டியபின் பின் டிரம்மின் அருகே கையைக் கொண்டுசெல்ல, அனல் வீசும். டிரம்மைத் தொடலாகாது, சூடாயிருக்கையில் அதன்மீது நீரும் ஊற்றலாகாது. மிதியை விட்டபின்பும் பின்விளக்கின் சிவப்பொளி தணியாதிருத்தல் மற்றோர் அறிகுறி.

இச்சூடு நீடித்தால் லைனிங் கருகிப் பிடிப்புக் குன்றும். சக்கரத்து பேரிங்கிலுள்ள கிரீஸும் உருகிக் கெடும். எப்பொழுதும் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், வேண்டிய சமயத்திற் பிடியாமற்போவது இதனால்தான். 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் அடியார்கள் வெறுங்காலுடன் நடந்து செல்வதால், அவ்வழியே வண்டியோட்டுவோர் இதனை அசட்டை செய்யலாகாது.

முதன்மையான காரணம்

பலர் உணராத காரணம் ஒன்றுண்டு. செயின் தளர்ந்தவிடத்து, அதனை இறுக்குவதற்காகப் பின்சக்கரத்தைப் பின்னோக்கி நகர்த்துகிறோம். பிரேக் ராடின் முன்முனையோ மிதியோடு பிணைக்கப்பட்டு அசையாது நிற்கிறது. ஆகவே சக்கரம் பின்செல்லுமளவிற்கு ராடு இழுக்கப்பட்டு, பிரேக் தானே இறுகிவிடுகிறது. செயினை இறுக்கிய மறுநாளே பிரேக் பிடித்துக்கொண்டதெனின், டிரம்மைத் திறக்க வேண்டுவதில்லை. ராடின் பின்முனை நட்டைத் தளர்த்தினாற் போதும்.

பிற காரணங்களாவன: சேறும் துருவும் ஏறி மிதியின் அச்சு இறுகுதல்; டிரம்முக்குள் ஷூக்களை விரிக்கும் கேம் உலர்ந்து திரும்பாமை; ஷூக்களை மீட்கும் ஸ்பிரிங் தளர்தல்; லைனிங் மிகத் தேய்ந்து கேம் அளவுக்குமேல் திரும்பிச் சிக்குதல்; ஓட்டுபவர் காலை மிதியின்மேல் வைத்தபடியே செல்லுதல்.

சோதிக்கும் முறை

1. டிரம் ஆறியபின், வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்துப் பின்சக்கரத்தைக் கையாற் சுழற்றுக. லேசான உராய்வொலி குற்றமன்று. கையை எடுத்தவுடன் சக்கரம் நிற்பதே குற்றம்.

2. ராடின் பின்முனை நட்டைக் கழற்றி, கேம் நெம்புகோலை ராடிலிருந்து விடுவிக்க. இப்பொழுது சக்கரம் தாராளமாகச் சுழன்றால், குற்றம் மிதியிலோ ராடிலோ அளவிலோ உள்ளது.

3. அப்பொழுதும் சுழலாவிடின், நெம்புகோலைக் கையால் முன்னே தள்ளி விடுக. அது துள்ளித் திரும்ப வேண்டும். மந்தமாகத் திரும்பினால் கேம் உலர்ந்ததென்றோ, ஸ்பிரிங் தளர்ந்ததென்றோ கொள்க. நன்கு திரும்பியும் சக்கரம் இறுகியிருப்பின், பேரிங்கையும், செயின் மிக இறுகியுள்ளதா என்பதையும், ஷூக்கள் டிரம்மின் நடுவில் நிற்கின்றனவா என்பதையும் ஆராய்க.

சீர்செய்யும் முறை

மிதி இறுகியிருப்பின் அதன் அச்சைக் கழற்றித் துருநீக்கி, கிரீஸ் தடவிப் பூட்டுக. கேம் உலர்ந்திருப்பின் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் தட்டை வெளியே எடுக்க. உள்ளிருக்கும் தூளை வாயால் ஊதலாகாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும், அத்தூள் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுக்க. கேம் தண்டை உப்புத்தாளால் தேய்த்து, வெப்பந்தாங்கும் கிரீஸை மிகச் சிறிதளவே பூசுக. லைனிங்கின்மேல் கிரீஸ் படலாகாது. தேய்ந்த ஷூக்களையும் தளர்ந்த ஸ்பிரிங்கையும் மாற்றுக.

திரும்பப் பூட்டுகையில் சக்கரத்தின் அச்சு நட்டை முழுதும் இறுக்குமுன் மிதியை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பொழுது ஷூக்கள் டிரம்மின் நடுவில் தாமே அமையும். அந்நிலையில் நட்டை இறுக்குக. பிரேக் தட்டைச் சுழலாமற் பிடித்திருக்கும் நட்டையும் மறவாமல் இறுக்க வேண்டும். அது கழன்றால் சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொள்ளும்.

கடைசியாக அளவு வைக்க. முதலிற் செயினைச் சரிசெய்து, அதன் பின்னரே பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும். மிதி சுமார் ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர், வீணே இறங்கியபின் பிரேக் பிடிக்கத் தொடங்குவது பொதுவாக ஏற்றது. வண்டிக்குரிய கையேட்டில் வேறு அளவு இருப்பின் அதனையே கொள்க. பின்னிருந்து நோக்குகையில் நட்டை இடஞ்சுழியாகத் திருப்பினால் பிரேக் தளரும். வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும்.

எச்சரிக்கை

காரணத்தை ஆராயாது நட்டை மட்டும் தளர்த்துவது நோயிருக்க வலியை மறைப்பதற்கு ஒப்பாகும். அங்ஙனம் தளர்த்திய வண்டி லேசாக ஓடும். ஆயின் பால் கேன்களுடன் இறக்கத்தில் வருகையில் மிதி அடிவரை இறங்கியும் வண்டி நில்லாது. செயினைத் தொட்டபோதெல்லாம் பிரேக்கையும் பார்த்தல் வேண்டும். சேற்று வயல்வழியே சென்று மீண்டபின் சக்கரத்தைக் கழுவி, ஒருமுறை கையாற் சுழற்றிப் பார்த்தலும் வேண்டும். சீர்செய்த வண்டியைச் சுமையேற்றுமுன் ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடிப்பதையும் விடுவதையும் சோதித்துக்கொள்க.