டெமோ கிளாஸுக்குப் போகும் டீச்சர்களே, இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கோடை பிறந்தால் மதுரையில் பி.எட். முடித்தவர்கள் ஃபைலும் கையுமாக ஸ்கூல் ஸ்கூலாக ஏறி இறங்குவது வழக்கம். கே.கே.நகர், திருமங்கலம், மேலூர் என்று எங்கே போனாலும் வராண்டா பெஞ்சில் உங்களுக்கு முன்பே பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரிடமும் அதே டிகிரிதான். டெமோ கிளாஸில் டெக்னாலஜியை யார் பதறாமல் கையாளுகிறாரோ, அவர் பெயரைத்தான் பிரின்சிபால் டிக் அடிக்கிறார்.

அரசு வேலை கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதீர்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 டேப்லெட்டுகள் என்று தமிழக அரசே திட்டம் போட்டுவிட்டது.

1. முதலில் அக்கவுன்ட். கூகுள் கிளாஸ்ரூமுக்குள் தன் ஏ.ஐ.யான ஜெமினியை இலவசமாகத் தருவதாக 2025 ஜூனில் கூகுள் அறிவித்தது. லெசன் பிளான், குவிஸ் எல்லாம் அங்கேயே தயாரிக்கலாம். ஆனால் ஸ்கூல் கொடுக்கும் எஜுகேஷன் அக்கவுன்ட் வேண்டும். சொந்த ஜிமெயிலில் எவ்வளவு தேடினாலும் வராது. சேர்ந்த முதல் வாரமே ஐ.டி. பார்ப்பவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். வேலை தேடுபவர்கள் சாதாரண ஜெமினியில் பழகினால் போதும்.

2. ஏ.ஐ. தந்ததை அப்படியே பிரின்ட் எடுக்காதீர்கள். ஆள் சறுக்குவது இங்கேதான். ஒன்பதாம் வகுப்பு ‘இயக்கம்’ பாடத்துக்குத் தமிழில் பத்துக் கேள்வி கேட்டுப் பாருங்கள். நொடியில் வந்துவிடும். நம் புத்தகத்தில் ‘முடுக்கம்’ என்று இருப்பதற்கு இலங்கைப் பாடநூலில் ‘ஆர்முடுகல்’ என்று பெயர். இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன; ஏ.ஐ.யும் கலந்தே தரலாம். இதையாவது பையன்கள் கேட்டுச் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். ‘வேகம்’ அப்படியில்லை. நம் புத்தகத்தில் வேகம் வேறு, திசைவேகம் வேறு. திசை சேர்ந்தால்தான் திசைவேகம். இலங்கையிலோ அந்தத் திசைவேகத்தையே ‘வேகம்’ என்கிறார்கள்; நம் வேகத்துக்கு அங்கே ‘கதி’ என்று பெயர். கலப்படமான கேள்வித்தாளில் சரியாக எழுதிய மாணவனுக்கு மார்க் போகும். திட்டு உங்களுக்கு விழும். புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வரி வரியாகத் திருத்துங்கள். இன்டர்வியூவில், “ஏ.ஐ. தந்தது இது, நான் திருத்தியது இது” என்று இரண்டு தாளையும் மேஜையில் வையுங்கள். பக்கத்து பெஞ்ச் ஆட்களில் பெரும்பாலோர் இதைச் செய்ய மாட்டார்கள்.

3. நெட்டை நம்பாதீர்கள். உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் போஸ்டிங் என்றால் இன்னும் கவனம். தேவையான வீடியோவை முந்தின இரவே டவுன்லோட் செய்து பென் டிரைவிலும் ஒரு காப்பி வையுங்கள். பாடவாரியாக வீடியோ வேண்டுமென்றால் 2023-ல் வந்த அரசின் ‘மணற்கேணி’ ஆப் இருக்கிறது. டெமோவில் ஸ்மார்ட் போர்டு கனெக்ட் ஆகவில்லையா? ஒரு நிமிடம் பாருங்கள். ஆகாவிட்டால் சாக்பீஸை எடுத்துப் பாடத்தைத் தொடங்கிவிடுங்கள். கேபிளோடு மல்லுக்கட்டுபவரை எந்த கரஸ்பாண்டன்ட்டும் ரசித்ததில்லை.

4. மாணவர் பெயர், எமிஸ் நம்பர், மார்க் லிஸ்ட் எதையும் ஏ.ஐ.யில் ஏற்றாதீர்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. 18 வயதுக்குக் கீழே இருப்பவரின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

5. ‘கம்ப்யூட்டர் தெரிந்த டீச்சர்’ என்ற பெயர் லாபம்தான். கூடவே எமிஸ் என்ட்ரியிலிருந்து ஆண்டுவிழா பி.பி.டி. வரை அத்தனையும் உங்கள் தலையில் விழும். செய்யுங்கள், ஆனால் செய்ததைத் தேதியோடு குறித்து வையுங்கள். இன்க்ரிமென்ட் பேசும்போது அந்த நோட்டு பேசும். சக ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் வேலையை நீங்களே முடித்துக் கொடுக்காதீர்கள்.

6. ‘விரைவில் வருகிறது’ என்று கம்பெனி சொல்லும் ஃபீச்சரை ரெஸ்யூமில் எழுதாதீர்கள். செய்து காட்டச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

மூன்றாம் வகுப்பு முதலே ஏ.ஐ. பாடம், அதுவும் 2026-27 கல்வியாண்டிலிருந்து என்று மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் சொல்லிவிட்டது. சி.பி.எஸ்.இ. ஸ்கூலில் “உங்கள் சப்ஜெக்ட்டில் இதை எப்படிக் கொண்டு வருவீர்கள்?” என்ற கேள்வியை எதிர்பார்த்தே போங்கள். கணக்கோ, தமிழோ, சமூக அறிவியலோ, உங்கள் பாடத்திலிருந்து ஒரே ஒரு உதாரணத்தை இன்றிரவே எழுதி, ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிப் பழகிவிடுங்கள்.