பழைய எஞ்சினில் பிறக்கும் மின்சாரம்

கேள்வி: தோட்டத்துப் பழைய நீர்ப்பம்பியின் எஞ்சினைக் கொண்டு வீட்டிலேயே மின்பிறப்பாக்கி அமைக்க இயலுமா? (வாசகர், கற்பிட்டி)

பதில்: இயலும். நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் எழுந்து நிற்கும் மாவட்டத்திலேயே வசித்தும், 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டை அனுபவித்த தங்கள் உள்ளத்தில் இவ்வெண்ணம் உதித்தது நியாயமே. மேல்நாட்டார் இதற்குப் புல்வெட்டியின் எஞ்சினை நாடுவதுண்டெனினும், அதன் சுழல்தண்டு பெரும்பாலும் செங்குத்தாக நிற்பதால் சட்டம் அமைப்பது சிரமம். தோட்டத்துப் பம்பி எஞ்சினின் தண்டோ கிடையாக இருப்பதனால், பழைய கார் ஓல்டர்னேற்றர் ஒன்றை வார்ப்பட்டியால் அதனோடு பிணைத்து, 12 வோல்ட் பற்றரிக்கு மின்னேற்றி, சில விளக்குகளையும் வானொலியையும் இயக்குவது சுலபசாத்தியம். ஓல்டர்னேற்றரின் காந்தப்புலத்தை முதலில் தூண்டுவது பற்றரியே; எஞ்சின் ஓடுகையில் அதைக் கழற்றினால் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து ஓல்டர்னேற்றர் பழுதாகக்கூடுமாதலால், அவ்வாறு கழற்றலாகாது. கடற்காற்றின் உப்பு செம்பை விரைவில் அரிக்கும்; இணைப்பு முனைகளுக்குக் கிரீஸ் பூசுங்கள்.

புகையில் கலந்துவரும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற விஷவாயு. ஆகவே, மழையே பெய்தாலும் எஞ்சினை வீட்டினுள்ளோ யன்னலருகிலோ வைத்து ஒருபோதும் இயக்காதீர்கள்.