குளிர்நாட்டுப் பாடசாலைப் பஸ்களின் வெப்பச் சாதனம்

கனடாவின் சில பகுதிகளில் மாரிகாலத்து வெப்பநிலை –40 பாகை சதமவளவைக்கும் இறங்குவதுண்டு. ஆங்கே பாடசாலைப் பஸ்ஸின் வெப்பச் சாதனம் சுகபோகப் பொருளன்று, பிள்ளைகளின் உயிர்க்காப்பாகும். முன்கண்ணாடியிற் படியும் உறைபனியை அகற்றுவதும் அதுவே. கண்ணாடி தெளியாவிடிற் சாரதி வீதியைக் காணான்.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் அதன் வெப்பத்தை ஏற்று, இறப்பர்க் குழாய்கள் வழியே வண்டியினுள் உள்ள வெப்பப் பெட்டிகளை அடைகின்றது. விசிறி காற்றை அவற்றினூடே செலுத்துகின்றது. எஞ்சின் கழிக்கும் வெப்பமே பிள்ளைகளுக்குக் கணப்பாகின்றது.

அத்திரவம் நீரும் எதிலீன் கிளைக்கோலும் சமபங்காகக் கலந்தது. நீர் 0 பாகையிலும், தனிக் கிளைக்கோல் ஏறத்தாழ –13 பாகையிலும் உறையும். கலவையோ ஏறத்தாழ –37 பாகை வரை உறையாது. ஆதலின் கிளைக்கோலை மிகுதியாக வார்த்தலும் தவறே. மாரிக்கு முன்னரே விகிதத்தைச் சோதித்தல் வேண்டும். கடுங்குளிர்ப் பகுதிகளிற் கிளைக்கோலின் பங்கைச் சிறிது கூட்டுவர்.

சூடு குறையின் ஆராயவேண்டியவை: திரவமட்டம் தாழ்ந்ததா, குழாயிற் காற்று அடைபட்டதா, பெட்டியிற் தூசி படிந்ததா, வெப்பநிலைநிறுத்தி திறந்தபடியே சிக்கியதா என்பன. இனிய மணம் வீசின் கசிவெனக் கொள்க, கிளைக்கோல் நஞ்சாகும். எஞ்சின் சூடாயிருக்கையில் றேடியேற்றர் மூடியைத் திறத்தல் பேராபத்து.

எஞ்சின் நின்றாற் கணப்பும் நிற்கும். ஆதலாற் சில பஸ்களில் எரிபொருளால் திரவத்தைச் சூடாக்கும் தனிச் சாதனமும் உண்டு. கோடையிலும் இடையிடையே அதனை இயக்கிவைத்தல் நன்று.

மாணவர்காள்! கரைசலின் உறைநிலை தாழும் என்னும் விதி பரீட்சைக்கு மாத்திரமன்று. பனி வீதியில் ஒரு சிறு பிள்ளையின் விரல்களைக் காப்பதும் அதுவே.